பள்ளிக்கூடம் போக ஒரு ரேஸ் வண்டி

மகள் நேற்று என் முழங்காலுக்குப் புன்னை எண்ணெய் வாங்கிவந்தாள். மூட்டுவலிக்கு நல்லது என்று யாரோ அவளிடம் சொல்லியிருக்கிறார்கள். சின்ன பாட்டில், மேலே மூலிகைப் படம். அவள் மூடியைத் திறந்ததுமே எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விட்டேன். மருந்து என்றால் கொஞ்சம் நாற்றம் இருக்கத்தான் செய்யும் என்று அவள் பின்னாலேயே வந்தாள். அவளுக்கு என்ன தெரியும். அவள் பிறப்பதற்கு முன்பே அந்த எண்ணெயைத் தலைமுடியில், புடவையில், சாப்பிடும் சோற்றில் எல்லாம் நான் அனுபவித்து முடித்தாயிற்று, உங்கள் தயவில்.

நீங்கள் போய் இன்னும் இரண்டு மாதம் ஆகவில்லை. இறந்தவர்களுக்காக ஜெபிக்க வேண்டும், குறை சொல்லக் கூடாது என்று கோயிலில் சொல்கிறார்கள். ஜெபம் காலையில் சொல்லிவிட்டேன். இப்போது குறைதான் சொல்லப்போகிறேன். முதலில் உங்களை, பிறகு உங்கள் வண்டியை. அதற்கப்புறம் திட்டவேண்டிய இன்னொருத்தி இருக்கிறாள், அவளை.

எழுபதுகளின் நடுவில், கல்யாணமான புதிதில், நாம் மரக்காணத்தில் உப்பளத்தை ஒட்டிய ஓட்டு வீட்டில் இருந்தோம். நீங்கள் உப்பளத்தில் சூப்பர்வைசர். எனக்கு வேலை பொம்மையார்பாளையத்துப் பக்கம், சிஸ்டர்கள் நடத்திய பள்ளியில். எட்டாம் வகுப்புவரை கணக்கும் விஞ்ஞானமும். தற்காலிக வேலை. ஏப்ரலில் என்னை நிரந்தரமாக்குவதா, வீட்டுக்கு அனுப்புவதா என்பது பெரிய சிஸ்டர் கையில் இருந்தது. ஒன்பது மணிக்கு ஜெப மணி அடிக்கும். அதற்குப் பிறகு கேட்டுக்குள் கால் வைத்தால் ஒரு நோட்டில் பெயர் ஏறும். மூன்று தடவை ஏறினால் ஏப்ரலில் என்ன முடிவு என்று கேட்கவே வேண்டாம். வழி இருபத்தைந்து கிலோமீட்டருக்கும் மேல். இருந்ததோ ஒரே ஒரு பஸ், அதுவும் குப்பத்துக்குக் குப்பம் நின்று மீன்கூடை ஏற்றிக்கொண்டு வரும். பொங்கலுக்குள் என் பெயர் இரண்டு தடவை ஏறிவிட்டது.

அந்த வேலை போனால் என்ன ஆகும் என்பது நம் இருவருக்கும் தெரியும். உங்கள் அம்மா வீட்டுக்கு நான் திரும்பவேண்டும், அங்கே மீன் ஆய்ந்துகொண்டு உட்காரவேண்டும். படிக்கும்போதே எனக்கு வேறு ஆசை கிடையாது. சாக்பீஸைக் கையில் பிடித்துக்கொண்டு சாகவேண்டும் என்று விடுதியில் தோழிகளிடம் சொன்னவள் நான். அதனால்தான் ஒரு வண்டி வாங்கிவிடலாம் என்று முடிவு செய்தோம். உங்கள் ஆட்கள் விடிவதற்கு முன்னால் பாத்தியில் இறங்கி உப்பு வாரிவிடுவார்கள். ஏழரைக்கு மேல் பத்து மணிக்கு லாரி வரும்வரை உங்களுக்கு ஓய்வு. அந்த நேரத்துக்குள் என்னைப் பள்ளியில் விட்டுவிட்டு நீங்கள் திரும்பிவிடலாம். சாயங்காலம் நான் எப்படியோ பஸ்ஸில் வந்துகொள்வேன்.

புது ஸ்கூட்டர் என்றால் பெயரைப் பதிந்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்கவேண்டிய காலம் அது. வானூர் தாலுகா ஆபீஸில் ஒருவர் மாற்றலாகிப் போகிறார், ஸ்கூட்டரை விற்கிறார் என்று கேள்விப்பட்டு இருவரும் போய்ப் பார்த்தோம். சாம்பல் நிறம். முன்னால் அகலமான மறைப்பு, புடவையில் சேறு தெறிக்காது. டிபன் பை மாட்ட ஒரு கொக்கி. பின்சீட்டு மெத்தை மாதிரி இருந்தது. அவர் மனைவி அதில்தான் சந்தைக்குப் போவாராம். நான் உட்கார்ந்து பார்த்தேன், இறங்க மனம் வரவில்லை. நீங்களும் சரி சரி என்று தலையாட்டினீர்கள். வருகிற சனிக்கிழமை வந்து எடுத்துக்கொள்வதாகப் பேசிவிட்டு வந்தோம்.

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் தெருக்கோடியில் ஒரு சத்தம் கேட்டது. அடுத்த வீட்டுக் கோழிகள் எல்லாம் நம் சமையல்கட்டுக்குள் ஓடிவந்தன. வாசலுக்கு வந்து பார்த்தால், தரையில் எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிறவர் மாதிரி குனிந்துகொண்டு நீங்கள் வருகிறீர்கள். உங்களுக்கு அடியில் நீளமாக, சிவப்பாக, ஒரு மோட்டார் சைக்கிள். பாண்டிச்சேரியில் யாரோ பணக்கார வீட்டுப் பையன் ரேஸில் ஓட்டுவதற்காக மாற்றிக் கட்டிய வண்டியாம். கைப்பிடி கீழே, கால் வைக்கிற இடம் பின்னால், சைலன்சரைப் பாதியில் அறுத்துவிட்டிருந்தான். உட்கார ஒரே ஓர் ஆளுக்குத்தான் இடம். அந்த இடத்துக்குப் பின்னால் திமில் மாதிரி ஒரு மேடு.

நான் கேட்ட முதல் கேள்வி உங்களுக்கு ஞாபகம் இருக்கும்.

"என் சீட்டு எங்கங்க?"

"அத வச்சிக்கலாம், அதுக்கின்னா," என்றீர்கள். கண்ணாடியைக் கழற்றாமலேயே பேசினீர்கள். அந்தக் கறுப்புக் கண்ணாடியும் அன்றைக்கு வாங்கியதுதான்.

அப்புறம் எனக்குக் காரணங்கள் சொன்னீர்கள். ஸ்கூட்டருக்குச் சின்னச் சக்கரம், மணலில் வழுக்கும். பத்து மணி லாரிக்குத் திரும்ப வேகம் வேண்டும். இந்த மாதிரி வண்டி இந்தப் பக்கம் யாரிடமும் இல்லை. மூன்றாவது காரணத்தைச் சொல்லும்போது மட்டும் உங்கள் முகம் மலர்ந்தது. நான் கணக்கு டீச்சர். ஸ்கூட்டரில் போனாலும் ஒன்றரை மணி நேரத்தில் போய்த் திரும்பிவிடலாம் என்று சிலேட்டில் போட்டுக் காட்டினேன். நீங்கள் சிலேட்டைப் பார்க்கவே இல்லை, வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். எனக்கு அன்றைக்கு வந்தது கோபம் இல்லை. அருவருப்பு. படித்த மனிதர், இருபத்தெட்டு வயது, பெண்டாட்டியைப் பள்ளியில் கொண்டுவிட ரேஸ் வண்டி வாங்கியிருக்கிறாரே என்று.

மரக்காணத்து வெல்டர் ஒருவர் அந்தத் திமிலை அறுத்து எறிந்துவிட்டு ஒரு தகட்டை வைத்து, தென்னை நார் திணித்து, ரெக்சின் போர்த்தி எனக்கென்று ஒரு பீடம் செய்தார். அதில் ஒருக்களித்து உட்கார்ந்தால் ஒவ்வொரு பள்ளத்திலும் முன்பக்கம் வழுக்கி உங்கள் முதுகில் இடிப்பேன். பிடித்துக்கொள்ள ஒன்றும் கிடையாது, உங்கள் இடுப்பைத் தவிர. டீச்சர் ஒருத்தி ஊர் பார்க்கப் புருஷன் இடுப்பைக் கட்டிக்கொண்டு போவது அந்தக் காலத்தில் என்ன அழகு என்று டீக்கடைக்காரர்களிடம் கேட்டால் தெரியும். புடவை சக்கரத்தில் சிக்காமல் இருக்க நான் அதை முழங்கால் வரை சுருட்டிப் பிடிக்கவேண்டும். ரேஸுக்குக் கட்டிய வண்டிக்கு மெதுவாகப் போகத் தெரியாது. முன்னால் மாடு போனால் எஞ்சின் அணைந்துவிடும், அப்புறம் நீங்கள் உதைத்து உதைத்துக் கிளப்பவேண்டும், அது பதிலுக்கு உங்களை உதைக்கும். டிபன் பையை மாட்ட ஒரு ஆணிகூட அதில் இல்லை. எட்டு மணிக்கு நான் சீவி முடித்த தலை ஒன்பதுக்குள் புகையும் உப்புக்காற்றும் பட்டுச் சடை பிடித்துவிடும்.

பங்குச் சாமியாரிடம் வண்டியை மந்திரிக்க எடுத்துக்கொண்டு போனீர்கள். அவர் சுற்றிவந்து தீர்த்தம் தெளித்தார். தீர்த்தத்தில் உப்புப் போட்டுத்தான் மந்திரிப்பார்கள். ஊரில் இருக்கிற உப்பு போதாது என்று சாமியாரும் கொஞ்சம் தெளிக்கிறாரே என்று நான் முணுமுணுத்தேன். நீங்கள் பதறிப்போய் உங்கள் கைக்குட்டையால் தீர்த்தத்தைத் துடைத்தீர்கள். சாமியார் பார்த்துவிட்டார்.

அந்த ஊரில் இரும்பு எதுவும் நிலைக்காது. ஜன்னல் கம்பி, கதவுக் கொண்டி, கிணற்று உருளை, உப்பளத்துப் பம்பு எல்லாவற்றையும் காற்றே தின்றுவிடும். அதனால்தான் அங்கே எல்லோர் வீட்டிலும் ஒரு டின் புன்னை எண்ணெய் இருக்கும். வாரத்துக்கு ஒரு தடவை இரும்புக்கெல்லாம் தடவுவார்கள். துரு பிடித்தாலும் எண்ணெய், இறுகினாலும் எண்ணெய், கத்தினாலும் எண்ணெய். யோசித்துச் செய்கிற காரியம் இல்லை அது, கை தானாகப் போகும்.

நீங்கள் வண்டிக்குத் தினமும் தடவினீர்கள். என்னுடைய பழைய புடவையைக் கிழித்துத் துணியாக்கிக்கொண்டு, ஒவ்வொரு கம்பியாக. வெளியே நின்றால் காற்றடிக்கும் என்று வண்டியை நடுக்கூடத்துக்குள் ஏற்றினீர்கள். திருஇருதய ஆண்டவர் படத்துக்கு நேர் கீழே அது நின்றது. நாம் முழங்காலில் நின்று ஜெபமாலை சொல்லும்போது என் மூக்குக்கு நேராக அதன் சைலன்சர். தரையெல்லாம் பச்சை நிறத்தில் எண்ணெய்த் திட்டு, அதில் ஈ, எறும்பு. பெட்ரோலும் புன்னையும் கலந்த அந்த நாற்றம் சோற்றுப்பானைக்குள் இறங்கியது. ஒரு நாள் ரசத்தை வாயில் வைத்துவிட்டு ஓடிப்போய்த் துப்பினேன். உங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை, இன்னொரு கரண்டி ஊற்றச் சொன்னீர்கள். அந்தச் சமயத்தில் உங்கள் கை என்மேல் பட்டால்கூட எனக்கு உடம்பு கூசியது. விரல் நகத்தில் எல்லாம் அந்த எண்ணெய். இதை உங்களிடம் நான் ஒருபோதும் சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன்.

ஆனாலும் நேரத்துக்குப் போய்ச்சேர்ந்தோம். மாசி முழுவதும் ஒரு நாள்கூட என் பெயர் ஏறவில்லை. அதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

தவக்காலம் தொடங்கிய பிறகு வண்டியின் பிரேக் கத்த ஆரம்பித்தது. பள்ளிக்கூட கேட்டில் நீங்கள் நிறுத்தும்போதெல்லாம் பன்றியைப் பிடிப்பது போல ஒரு அலறல். ஜெபத்துக்கு வரிசையில் நிற்கிற பிள்ளைகள் அத்தனை பேரும் திரும்பிப் பார்ப்பார்கள். பெரிய சிஸ்டர் மாடியிலிருந்து எட்டிப் பார்ப்பார். ஏழாம் வகுப்புப் பெண்கள் நான் வராந்தாவில் நடந்தால் பின்னால் அதே மாதிரி சத்தம் போட்டுச் சிரித்தார்கள். உங்களிடம் சொன்னேன். ரேஸ் வண்டி என்றால் கத்தும் என்று சொல்லிவிட்டு உப்பு வாரப் போய்விட்டீர்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வானம் கறுத்துக்கொண்டு வந்தது. மழை விழுந்தால் பாத்தியில் இருக்கிற உப்பெல்லாம் கரைந்துவிடும் என்று உங்களைக் கூப்பிட்டுக்கொண்டு போனார்கள். பூசைக்குப் போய்விட்டு நான் தனியாக வந்தேன். வீட்டுக்குள் நுழைந்ததும் கண்ணெதிரே வண்டி நின்றது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாளைக்கும் அந்தக் கேட்டில் இது அலறுமே என்று நினைத்தேன். டின்னை எடுத்தேன். தையல் மிஷினுக்கு விடுகிற நீள மூக்குக் கேனில் ஊற்றிக்கொண்டேன். சக்கரத்துக்கு நடுவில் வட்டமாக ஒரு பெட்டி இருக்கிறதல்லவா, அதிலிருந்துதான் சத்தம் வருகிறது என்று எனக்குத் தெரியும். அதன் இடுக்கில் மூக்கை நுழைத்து, வழிகிறவரை விட்டேன். முன்சக்கரம், பின்சக்கரம் இரண்டுக்கும், ஓரவஞ்சனை இல்லாமல். பிறகு வழிந்ததையெல்லாம் சுத்தமாகத் துடைத்துவிட்டேன். அந்த வண்டிக்கு நான் செய்த ஒரே பணிவிடை அதுதான்.

அதற்கு முந்தின மாதம்தான் எட்டாம் வகுப்பில் உராய்வுப் பாடம் நடத்தியிருந்தேன். கரும்பலகையில் சைக்கிள் பிரேக் படம் போட்டேன். உராய்வு இல்லாவிட்டால் எந்த வண்டியும் நிற்காது என்று பிள்ளைகளை மூன்று தடவை சேர்ந்து சொல்லவைத்தேன். அது பள்ளிக்கூடத்துப் பாடம். வீட்டில் கத்தியது ஓர் இரும்பு. அந்த இரண்டும் என் மண்டைக்குள் சந்தித்துக்கொள்ளவே இல்லை.

மறுநாள் காலை நீங்கள் பாத்தியிலிருந்து தாமதமாக வந்தீர்கள். முகம்கூடக் கழுவவில்லை, காலில் உப்புச்சேறு. ஏறு ஏறு என்றீர்கள். மரக்காணம் தாண்டினால் ரோடு நேராக ஓடும், பிரேக்கைத் தொடவேண்டிய வேலையே இல்லை. என் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி, இன்னும் கொஞ்சம் வேகமாகப் போங்கள் என்று உங்கள் காதில் கத்தியதும் நான்தான். கீழ்புத்துப்பட்டுக்கு முன்னால் வளைவில் சவுக்குக் கட்டை ஏற்றிய மாட்டுவண்டி ஒன்று ரோட்டின் குறுக்கே திரும்பிக்கொண்டிருந்தது. நீங்கள் பிரேக்கை மிதித்தது உங்கள் முதுகு விறைத்ததில் எனக்குத் தெரிந்தது. சத்தம் வரவில்லை. அடடா, கத்தவில்லையே என்று ஒரு நொடி சந்தோஷப்பட்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், சந்தோஷப்பட்டேன்.

நீங்கள் மாட்டுவண்டியை விட்டு விலகி மணலில் திருப்பினீர்கள். நான் சவுக்குச் சருகில் போய் விழுந்தேன், முழங்கை சிராய்த்தது. நீங்கள் வண்டிக்கு அடியில் கிடந்தீர்கள். அந்தச் சைலன்சர் உங்கள் காலைச் சுட்டுக்கொண்டிருந்தது, எலும்பு வெளியே தெரிந்தது. மாட்டுவண்டிக்காரர் கட்டைகளை அங்கேயே தள்ளிவிட்டு உங்களை ஏற்றிக்கொண்டு போனார். பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் உங்களைச் சேர்க்கும்போது உச்சி நேரம். பள்ளிக்கூடத்துக்குச் சொல்லியனுப்பக்கூட எனக்குத் தோன்றவில்லை.

மூன்றாம் நாள் கோட்டக்குப்பத்து மெக்கானிக் பாய் வார்டுக்கு வந்தார். வண்டியை அவரிடம்தான் கொண்டுபோய்ப் போட்டிருந்தார்கள். அவர் பிரேக்கைத் திறந்து பார்த்திருக்கிறார்.

"தம்பி, உள்ள பிரேக் ஷூ பூரா எண்ணெயில ஊறிக் கெடக்குது. ரெண்டு சக்கரத்துலயும். யாரு ஊத்துனது?"

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். நான் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தேன். என் கை நின்றுபோனது. நீங்கள் அவர் பக்கம் திரும்பி, தொடைக்கும்போது நான்தான் பாய் சிந்திட்டேன் என்றீர்கள். வெளியே சொல்லவேண்டாம், சிரிப்பார்கள் என்றும் சொன்னீர்கள். அவர் தலையில் அடித்துக்கொண்டு போனார்.

அவர் போனதும் மெதுவாகக் கேட்டீர்கள்.

"கத்துச்சா?"

நான் தலையாட்டினேன்.

"கத்துனா எண்ணெ வுடறதுதானே," என்றீர்கள். அவ்வளவுதான். ஆரஞ்சுக்குக் கை நீட்டினீர்கள்.

இதுவரைக்கும் நான் திட்டியதெல்லாம் உங்களை. இனி வருவது அந்த இன்னொருத்தி.

மறுநாள் பெரிய சிஸ்டர் வந்தார். கையில் பழம், முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. உங்கள் கட்டுப் போட்ட காலைப் பார்த்து ஜெபம் சொன்னார். பிறகு என்னைப் பார்த்து, திங்கட்கிழமை நான் வரவில்லை, தகவலும் இல்லை, இது மூன்றாவது, என்ன நடந்தது என்று நானே சொல்லவேண்டும் என்றார். நான் உங்கள் கட்டில் ஓரத்தில் நின்றேன். விஞ்ஞான டீச்சர். பிரேக்குக்கு எண்ணெய் விட்டேன் என்று எப்படிச் சொல்வேன். உராய்வுப் பாடம் நடந்த அன்றைக்கு அவர் வகுப்பின் பின்பெஞ்சில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். ஏப்ரலுக்கு மூன்று வாரம் இருந்தது. ஆனாலும் சும்மா நின்றிருக்கலாம். விபத்து சிஸ்டர் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அழுதிருக்கலாம், அது போதும்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா என்று உங்களைக் கேட்கவேண்டியதில்லை. நீங்கள் ஒரு முழம் தள்ளிக் கிடந்தீர்கள்.

"எத்தன தடவ சொல்லிட்டேன் சிஸ்டர், கேக்கவே மாட்டேங்கறாரு. ரேஸ் வண்டி வாங்கியாந்து ரேஸு வுடறாரு. என் வேல போயிடும்னு கெஞ்சினேன், அப்பவும் வேகமாதான் போனாரு."

கண்ணீர் தானாக வந்தது, அதையும் பயன்படுத்திக்கொண்டேன். சிஸ்டர் உங்கள் பக்கம் திரும்பினார். நீங்கள் என்னைப் பார்க்கவில்லை. மேலே சுற்றுகிற மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு, "ஆமாங்க சிஸ்டர், என் தப்புதான். கை கொஞ்சம் வேகமாயிடுச்சு," என்றீர்கள்.

சிஸ்டர் என் தோளில் கை வைத்தார். இப்படிப்பட்டவரை வைத்துக்கொண்டு நீ ஒவ்வொரு நாளும் நேரத்துக்கு வந்தாயே அம்மா என்றார். ஏப்ரலில் எனக்கு நிரந்தர உத்தரவு வந்தது. நீங்கள் கட்டிலில் படுத்தபடியே அதை வாங்கி, இரண்டு பக்கமும் படித்தீர்கள். டீச்சரம்மா என்று கூப்பிட்டுச் சிரித்தீர்கள். எனக்கு அந்த வண்டிமேல் வந்த அருவருப்பெல்லாம் ஒன்றுமே இல்லை என்று அன்றைக்குத் தெரிந்தது. என்னை நானே தொட்டுக்கொள்ளக் கூசியது.

கால் கூடியபோது ஒரு விரல் அகலம் குட்டையாகிவிட்டது. உப்பு வரப்பு ஓர் அடிதான் இருக்கும், ஈரத்தில் வழுக்கும், அதில் குட்டைக்காலோடு நடக்க முடியாது. உங்களைக் கொட்டகைக்குள் சாக்குத் தைக்கிற இடத்துக்கு மாற்றினார்கள். பள்ளிக்குப் பக்கத்தில் வீடு பார்த்துக் குடிபோனோம். அதற்கப்புறம் நான் ஐந்து நிமிஷம் நடந்து பள்ளிக்குப் போனேன். நீங்கள் அந்த மீன்கூடை பஸ்ஸில் ஏறி மரக்காணம் போனீர்கள், ஓய்வு பெறும்வரை. பஸ் படிக்கட்டில் முதலில் நல்ல காலை வைத்து, கம்பியைப் பிடித்து, மற்றதை இழுத்து ஏற்றுவீர்கள். வகுப்பு ஜன்னல் வழியாகத் தினமும் அதைப் பார்த்துவிட்டுத்தான் சாக்பீஸ் எடுப்பேன்.

பிள்ளைகள் பிறந்தன. அவர்களுக்கு அப்பா காலைப் பற்றிக் கதை வேண்டியிருந்தது. நான்தான் சொன்னேன். சொல்லச்சொல்ல அது வளர்ந்தது. முதலில் வேகமாகப் போனீர்கள், பிறகு லாரியை முந்தினீர்கள், பிறகு ஒரு கையை விட்டுவிட்டு ஓட்டினீர்கள். குனிந்து வருவதை நான் நடித்துக் காட்டுவேன், எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். சொந்தக்காரர்கள் மத்தியில் உங்களுக்கு ரேஸ்காரர் என்றே பெயர் ஆகிவிட்டது. நீங்களும் சேர்ந்து சிரித்தீர்கள். அந்தச் சிரிப்பைப் பார்க்கிற ஒவ்வொரு தடவையும் இதோடு நிறுத்திவிடவேண்டும் என்று நினைப்பேன், ஆனாலும் அடுத்த தடவை யாராவது கேட்டால் ஆரம்பத்திலிருந்து சொல்வேன். நிறுத்தினால் ஏன் நிறுத்தினாய் என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்று பயம்.

மகள் கல்யாணத்தில் சம்பந்தி வீட்டார் முன்னால் சொன்னேன். மாப்பிள்ளை மோட்டார் சைக்கிள் ஷோரூமில் வேலை பார்க்கிறவர், அவருக்குப் பிடிக்கும் என்று கூடக் கொஞ்சம் சேர்த்துச் சொன்னேன். பந்தல் முழுக்கச் சிரிப்பு. கூட்டம் கலைந்தபின் நீங்கள் நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தீர்கள். வெற்றிலையை மடித்தபடி, நல்லா சொன்ன, எண்ணெய மட்டும் வுட்டுட்ட என்றீர்கள். குரலில் குத்தல் இல்லை. பாடம் ஒப்பிக்கிற பிள்ளைக்கு விட்டுப்போன வரியை எடுத்துக் கொடுக்கிற மாதிரி இருந்தது. நான் காலி டம்ளர்களைப் பொறுக்க எழுந்துபோனேன். நீங்களும் அதற்கப்புறம் ஒரு தடவைகூட அதைப் பேசவில்லை. நாற்பது ஆண்டுக்கு மேல் நம் வீட்டில் அந்த எண்ணெயைப் பற்றி வந்த ஒரே பேச்சு அதுதான்.

உங்கள் முப்பதாம் நாள் பூசை முடிந்து எல்லோரும் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தோம். மகன் அந்தக் கதையை எடுத்தான். இப்போது அவன் என்னைவிட நன்றாகச் சொல்கிறான். மாட்டுவண்டிவரை வந்துவிட்டான். நான் சோற்றிலிருந்து கையை எடுத்துவிட்டு, நிறுத்துடா என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை மேகம், தையல் மிஷின் கேன், இரண்டு சக்கரம், பாய் வந்தது, சிஸ்டரிடம் நான் பேசியது. அப்பா தானாக வேகமாகப் போகவில்லை, போகச் சொன்னவள் நான், நிறுத்தமுடியாமல் செய்தவளும் நான் என்றேன். எனக்கு நெஞ்சு லேசானது மாதிரி இருந்தது, ஒரு அரை நிமிஷம்.

மகள் எழுந்து வந்து என் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். "அப்பா மேல பழி இருக்கக்கூடாதுன்னு நீ உம்மேல போட்டுக்கறியாம்மா," என்று அழுதாள். இல்லை என்று நான் சொன்னது அவள் புடவைக்குள்ளேயே நின்றுவிட்டது. மகன், அப்பாவே ஆஸ்பத்திரியில் சிஸ்டரிடம் ஒத்துக்கொண்டதை எனக்கே எடுத்துச் சொன்னான், நான் அவனுக்குச் சொல்லிக்கொடுத்த அதே வார்த்தைகளில். நான் விடவில்லை, திரும்பவும் சொன்னேன். அப்போது மாப்பிள்ளை ரொம்ப மரியாதையாக, சின்னப் பிள்ளைக்குப் புரியவைக்கிற மாதிரி கேட்டார்.

"அத்த, நீங்க சயின்ஸ் டீச்சர். பிரேக்குக்கு யாராச்சும் எண்ணெ வுடுவாங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். அன்பாகத்தான் சிரித்தார்கள். மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எனக்கு இன்னும் கொஞ்சம் சோறு போட்டாள்.

பாய் போய்ப் பல ஆண்டு ஆகிவிட்டது. பெரிய சிஸ்டரும் இல்லை. நீங்கள் அந்தப் பொய்யை ஒரே ஒரு தடவை, மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு சொன்னீர்கள். அதை இன்றைக்கு என்னால் உடைக்கமுடியவில்லை. நீங்கள் இருந்தவரை, நடந்தது தெரிந்தவர்கள் இந்த வீட்டில் இரண்டு பேர் இருந்தோம். இப்போது நான் ஒருத்தி.